காற்றலை யாருக்குச் சொந்தம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிவி, ரேடியோ நடத்த மட்டும் ஏன் அரசிடம் உரிமம் வாங்க வேண்டும்? யூடியூபில் யார் வேண்டுமானாலும் சேனல் நடத்துகிறார்களே?

எல்லாவற்றுக்கும் காரணம் அலைக்கற்றைதான், அதாவது ஒலிபரப்பைச் சுமந்து செல்லும் வானொலி அலைகள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பினால் இரண்டுமே கேட்காது, இரைச்சல்தான் மிஞ்சும். அலைவரிசைகள் குறைவு, அவை வேண்டும் என்று வருபவர்கள் அதிகம் என்றால் யாராவது பிரித்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 1912-ல் டைட்டானிக் மூழ்கிய சில மாதங்களிலேயே அமெரிக்கா வானொலிக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டது.

இந்த ஒரு காரணத்தை வைத்துத்தான் பத்திரிகைக்கு ஒரு நியாயம், ஒலிபரப்புக்கு ஒரு நியாயம் என்று பிரித்தார்கள். பென்சில்வேனியாவில் ஒரு சிறிய வானொலி நிலையம், 15 நிமிட நிகழ்ச்சி ஒன்றில் ஓர் எழுத்தாளரைக் கடுமையாகத் தாக்கியது. பதில் சொல்ல எனக்கும் நேரம் கொடுங்கள் என்று அவர் கேட்க, நிலையம் கட்டண விவரத்தை அனுப்பி வைத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1969-ல் தீர்ப்பு வந்தது: இலவசமாக நேரம் கொடுத்தே ஆக வேண்டும், ஒலிபரப்பாளரின் உரிமையைவிடக் கேட்பவர்களின் உரிமை பெரிது. ஐந்தே வருடம் கழித்து, தேர்தலில் நின்ற ஒருவர் தன்னை விமர்சித்த நாளிதழில் பதில் போட இடம் கேட்டார். அதே நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. கேட்டது என்னவோ ஒரே உரிமைதான்.

இந்தியாவில் 1995-ல் கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைவிடத் தெளிவாகப் பேசியது. காற்றலைகள் பொதுச் சொத்து, அரசு அவற்றைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொள்ள முடியாது, சுதந்திரமான ஒரு பொது அமைப்புதான் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தக் கடைசிப் பகுதிதான். ஆனால் எந்த நாட்டு அரசும் எளிதில் கைகழுவிவிட விரும்பாத அதிகாரமும் அதுதான்.

சரி, யூடியூபுக்கு வருவோம். இணையத்தில் ஒரு சேனல் வந்தால் இன்னொரு சேனலுக்கு இடம் போய்விடாது. ஆகவே அந்தப் பழைய காரணம் இங்கே நிற்காது. இருந்தாலும் கனடா 2023-ல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களை ஒலிபரப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வேறு நல்ல காரணம் இருந்தால் அதைச் சொல்லிச் சட்டம் போடட்டும், அலைக்கற்றைக்குச் சொன்ன வாதத்தையே தூசி தட்டி இங்கே கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: பொய்யான பதிவு பரவினால் அந்தத் தளத்தின் மீதே வழக்குப் போட முடியாதா?

பெரும்பாலும் முடியாது. 1990-களில் அமெரிக்காவில் இரண்டு இணைய நிறுவனங்கள் மீது அவதூறு வழக்கு. ஒன்று தன் தளத்தில் யார் என்ன எழுதினாலும் கண்டுகொள்ளாதது, அது தப்பியது. இன்னொன்று ஆபாசத்தையும் வசவையும் நீக்கிக்கொண்டிருந்தது, அப்படியானால் நீயும் பதிப்பாளர்தான் என்று அது மாட்டிக்கொண்டது. சுத்தம் செய்தவனுக்குத் தண்டனை! இதைச் சரிசெய்யத்தான் 1996-ல் அமெரிக்கத் தகவல்தொடர்புச் சட்டத்தில் 230-ஆவது பிரிவு வந்தது: எழுதியவர்தான் பொறுப்பு, தளம் அல்ல. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு இதே பாதுகாப்பைச் சில நிபந்தனைகளோடு தருகிறது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் தளம் நீக்கக் கடமைப்பட்டது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

கேள்வி: 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகம் கூடாது என்கிற சட்டம் நல்லதுதானே?

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் அமல்படுத்துகிறது. அபராதம் நிறுவனங்களுக்குத்தான், பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ இல்லை, அந்த மட்டும் சரி. ஆனால் ஒரு பிள்ளையின் வயதைச் சோதிக்க வேண்டுமென்றால் பெரியவர்களையும் சோதித்துத்தான் ஆக வேண்டும். முகத்தையோ அடையாள அட்டையையோ யாரிடம் கொடுக்கிறோம், அது எத்தனை நாள் அவர்களிடம் இருக்கும் என்பதற்கு உறுதியான பதில் இல்லாமல் நான் கைதட்ட மாட்டேன்.

கேள்வி: என் வீடியோவை நீக்கிவிட்டார்கள். காரணமே சொல்லவில்லை. என்ன செய்வது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். 2024 பிப்ரவரியில் முழுமையாக அமலான டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, எதை ஏன் நீக்கினோம் என்று தளம் காரணம் தர வேண்டும், முறையிட வழியும் வைக்க வேண்டும். மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம். இன்று இருக்கும் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி.

இந்தியாவில் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். இணைப்பு, நீக்கப்பட்ட தேதி, திரையில் வந்த அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அந்தக் குழுவை நியமிப்பதும் மத்திய அரசுதான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அதற்காக முறையிடாமல் இருந்துவிடாதீர்கள். பின்னால் நீதிமன்றம் போக வேண்டி வந்தால், முதலில் எங்கெல்லாம் முறையிட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள்.