செதில் இருந்தால் முதலையா?

கேள்வி: காமிக்ஸ் வில்லன்களான கில்லர் க்ராக், லிசார்ட் இரண்டு பேருக்குமே செதில், நகம், கோரைப்பல் எல்லாம் இருக்கிறது. படங்களுக்கு எழுதும் குறிப்பில் லிசார்டை ‘பல்லியாக மாறும் விஞ்ஞானி’ என்கிறீர்கள். க்ராக்கை மட்டும் ‘தோல்நோய் கொண்ட குண்டர் தலைவன்’ என்கிறீர்கள். இருவரையும் ‘பாதி மனிதன், பாதி ஊர்வன’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே?

பதில்: முடித்துவிடலாம், கதையைப் படிக்காமலே குறிப்பு எழுதுவதென்று முடிவு செய்துவிட்டால்!

லிசார்ட் 1963-ல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 6-ம் இதழில் வந்தவன். ஆள் டாக்டர் கர்ட் கானர்ஸ். ராணுவ அறுவை மருத்துவராக இருந்து வலது கையை இழந்தவர். ஊர்வனவற்றுக்கு இழந்த உறுப்பு மறுபடி முளைப்பதை ஆராய்ந்து, மருந்து தயாரித்துத் தன்மீதே சோதிக்கிறார். கை முளைக்கிறது, கூடவே வாலும் செதிலும். மாற்றுமருந்து வேலை செய்ததும் மனிதராகிறார், முளைத்த கையும் போய்விடுகிறது. ஆகவே இவரைப் பற்றி எழுதும்போது ‘மாறுகிறார்’ என்ற வினை இல்லாமல் தீராது. கானர்ஸ் படத்துக்கு அடியில் ‘இரு கைகளாலும்’ என்று எழுதி மாட்டிக்கொள்ளவும் கூடாது.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. நிஜப் பல்லிக்கு முளைப்பது வால்தான். அதிலும் முள்ளெலும்புகள் இருக்காது, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். கால் முழுதாக முளைப்பது சாலமாண்டருக்கு. அது ஊர்வனவே அல்ல, இருவாழ்வி. கதாசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு. ‘பல்லிகளுக்குக் கை கால் முளைப்பதைப் போல’ என்று குறிப்பு எழுதுகிறவருக்குக் கிடையாது.

க்ராக் வேறு ஜாதகம். 1983-ல் ஜெரி கான்வே எழுதிய பேட்மேன் கதைகளில் அறிமுகமான வேய்லன் ஜோன்ஸ், பிறவியிலேயே தோல் செதிலாகப் படர்ந்த மனிதன். மருந்து குடித்து மாறியவனில்லை. திரும்பிப் போக இன்னொரு உருவமும் அவனுக்கு இல்லை. அந்தக் கதைகளில் அவன் காதம் நகரத்துக் குற்ற உலகைக் கைப்பற்றத் திட்டம் போடுகிற தாதா. அவனைப் ‘பாதி முதலை’ என்றால் அந்த மூளையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டதாகிவிடும். 2002-03-ல் வந்த ‘ஹஷ்’ கதையில் ஒரு வைரஸ் அவனை மேலும் மிருகமாக்கியது உண்மை. அந்த உருவத்தைச் சொல்லும்போது ‘ஹஷ் காலத்து க்ராக்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். 1983-க்கும் சேர்த்துப் பூசாதீர்கள்.

செதில் படரும் தோல்நோய்கள் நிஜத்திலும் உண்டு. அவற்றில் தோல் தடித்து, வறண்டு, வெடித்து வலிக்கும், கவசமாகாது. முதலையின் முதுகு கெட்டியாக இருப்பதற்குக் காரணம் செதிலுக்கு அடியில் பதிந்திருக்கும் எலும்புத் தகடுகள். ‘நோயால் குண்டு துளைக்காத தோல் கிடைத்தது’ என்ற வரியைக் கதையின் கற்பனை என்று தெரியும்படி எழுத வேண்டும். அந்த நோய் உள்ளவர்களும் காமிக்ஸ் படிக்கிறார்கள். ‘சாபம்’, ‘அருவருப்பான தோல்’ எல்லாம் வேண்டவே வேண்டாம்.

மற்றபடி, காமிக்ஸ் கட்டத்தில் தெரிவதை மட்டும் எழுதுங்கள். ‘வழுவழுப்பான தோல்’ தவளைக்குச் சரி. ஊர்வனவற்றின் தோல் உலர்ந்தது. பிளவுபட்ட நாக்கு பாம்புக்கும் உடும்புக்கும் உண்டு. முதலையின் நாக்கு பிளவுபடாதது, கீழ்வாயோடு ஒட்டியிருப்பது. வெளியே நீட்டவே வராது. வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரிந்தால் முதலை, மறைந்தால் அதன் உறவினமான அலிகேட்டர். ஓவியர் அலிகேட்டர் வரைந்திருந்தால் நீங்கள் முதலை என்று சாதிக்காதீர்கள்.

‘பச்சை நிறத்தவன்’ என்று தொடங்கும் முன்னும் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 1992-ல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடரில் க்ராக்கின் நிறம் சாம்பல்.