வன்னியில் செவித்திறன் இழப்பை இனியும் தடுக்க முடியுமா?
2009 இல் முடிந்த போரின் குண்டுச் சத்தத்தில் கேள்திறனை இழந்தோர் வாழும், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், இனித் தடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. சிறுவயதில் ஏற்படும் செவித்திறன் இழப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. கருவுற்ற தாய்க்குத் தொற்றினால் பிள்ளையின் செவியைப் பாதிக்கக்கூடிய ருபெல்லா நோய்க்கான தடுப்பூசியும், காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு (காய்ச்சிய எண்ணெய் விடாமல்) உடனே சிகிச்சை அளிப்பதும் அதில் முக்கியமானவை. வளர்ந்தோருக்கு இரைச்சலே பெரும்பகை: 80 தெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 தெசிபலானால் 4 மணித்தியாலம் மட்டுமே. ஆகவே அரிசி ஆலையிலும் உழவு இயந்திரத்திலும் நாள்முழுதும் நிற்பவருக்குக் காதடைப்பான் ஆடம்பரமன்று. ஒலியை உணரும் உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் இரைச்சலால் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அதன்பின் கேட்டல் கருவி உதவும். ஆனால் அதை அளவுபார்த்துப் பொருத்தவும் பழக்கவும் அருகில் ஆளில்லையெனில், அது அலுமாரியிலேயே கிடக்கும்.