தகரத்தில் ஒரு விண்கலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (வாசகி, கோண்டாவில்): என் கணவரும் மகனும் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பழைய விஞ்ஞானப் புனைவு நகைச்சுவைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். விண்கலம் தகரம் என்பதும் வேற்றுக்கிரகவாசி பொம்மை என்பதும் எனக்கே தெரிகிறது. கோடிக்கணக்கில் செலவழித்த படங்கள் இருக்கையில் இவற்றில் அப்படி என்ன இருக்கிறது? மோசமான படத்தைக் கேலி செய்யும் இன்பம்தானா?

பதில்: கேலியும் ஓரளவு உண்டு. ஆனால், கேலியை மட்டும் நம்பி ஒருவர் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருக்க மாட்டார். பத்து நிமிடத்தில் சலித்துவிடும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களை ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என நான்காகச் சொல்கிறது. நீங்கள் ஐயுறும் கேலி இவற்றுள் முதலாவது மட்டுமே. உங்கள் வீட்டினரைச் சிரிக்கவைப்பது பெரும்பாலும் நான்காவதாக வரும் மடன் என்றே எண்ணுகிறேன். அதற்கு உரைகாரர் வழியில் வந்த விளக்கம் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’, அதாவது பிறர் கற்பித்ததை அப்படியே ஏற்று, ஏற்றதைக் கைவிடாதிருத்தல்.

இதற்கு 1974 இல் வெளியான ‘டார்க் ஸ்டார்’ என்ற அமெரிக்கப் படத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஜோன் கார்ப்பென்டரும் டான் ஓபானனும் தொடங்கிய முயற்சி அது. முழு நீளப் படமாக முடிந்தபோது ஏறத்தாழ 60,000 டொலர் செலவாகியிருந்தது. அதில் வரும் வேற்றுக்கிரக உயிரி, கடற்கரையில் பிள்ளைகள் உதைத்து விளையாடும் காற்றடைத்த பந்துக்கு நகமுள்ள பாதங்களைப் பொருத்திச் செய்தது. பார்த்தவுடன் பந்து என்று எவருக்கும் புரியும். ஆனால் அந்தப் பந்தைத் துரத்திச் செல்பவன் முகத்தில் சிரிப்பு இல்லை. மனமொடிந்து, சினந்து, உண்மையான ஆபத்தை எதிர்கொள்பவனைப் போலவே நடந்துகொள்கிறான். துரத்துபவனாக நடித்தவர் ஓபானனே. விண்கலத்துக்குள் ஓர் உயிரியுடன் அகப்பட்டுக்கொள்ளும் அந்த நிலையையே அவர் பின்னர் 1979 இல் வெளிவந்த ‘ஏலியன்’ படத்தின் திரைக்கதையில் பேரச்சமாக மாற்றினார்.

அப்படத்தின் உச்சக் காட்சிக்கு ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லை. பேசவும் சிந்திக்கவும் தெரிந்த இருபதாம் இலக்க வெடிகுண்டு, வெடிக்கும்படி கிடைத்த கட்டளையை ஏற்று, பழுதினால் விண்கலத்தை விட்டுப் பிரிய முடியாதபோதும் வெடிப்பேன் என்று பணிவுடன் அடம்பிடிக்கிறது. கட்டளை உண்மையில் வந்ததென்று உனக்கு எப்படித் தெரியும், உன் புலன்களை எந்த ஆதாரத்தில் நம்புகிறாய் என்று ஒரு மனிதன் வெளியே மிதந்தபடி அதனுடன் தத்துவம் பேசி, அதன் மனத்தில் ஐயத்தை விதைக்கிறான். குண்டு யோசித்துப் பார்ப்பதாகச் சொல்லித் திரும்பிப் போகிறது. யோசித்த பின், தன்னைத் தவிர வேறெதுவும் இல்லை என்ற புதிய முடிவைப் பற்றிக்கொண்டு வெடித்தும் விடுகிறது. கொண்டது விடாமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பெருஞ்செலவுப் படமாயிருந்தால் இவ்விடத்தில் தீப்பிழம்பும் துரத்தலும் வந்திருக்கும். அவற்றுக்குப் பணம் இல்லாததால் ஆபத்து முழுவதும் உரையாடலுக்குள் வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் நாம் யாழ்ப்பாணத்தவர் என்பதால் சொல்ல வேண்டும். அந்த விண்கலத்தில் கழிவறைக் காகிதம் முழுவதும் அழிந்துபோயிருக்கிறது. படுக்கையறை பழுதடைந்து, உணவுக் களஞ்சியத்தில் தூங்குகிறார்கள். எதிர்காலத்திலும் பொருளுக்குத் தட்டுப்பாடு வரும், இயந்திரம் பழுதாகும், இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்ற எண்ணம் எம்மவருக்கு அந்நியமானதன்று. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கில் படித்தோம். அப்படி வாழ்ந்தவர்களுக்கு, தகரத்தையும் வயரையும் கட்டிச் செய்த கால இயந்திரம் ஓடும் என்பதை நம்புவது கடினமா? உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் அந்தப் பொம்மையைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை என்று சொல்லக்கூடும்.

கேள்வி (வாசகர், மானிப்பாய்): இவ்வகைப் படங்கள் தமிழில் உண்டா?

பதில்: வேற்றுக்கிரகத்தவர் தமிழ்ப் படத்துக்கு 1963 இலேயே வந்துவிட்டார்கள். எம்.ஜி.ஆர். – பானுமதி நடித்த ‘கலையரசி’யில், இசை கற்பிப்பதற்காக நாயகியைத் தங்கள் உலகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நகைச்சுவையையே மையமாகக் கொண்டதற்கு ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’யை (2015) சொல்வேன். கால இயந்திரம் கிடைத்த இளைஞனும் அவனுடைய சோதிட நண்பனும் அதைக் கொண்டு உலகைக் காக்கப் புறப்படவில்லை. கடந்த காலத்துக்குப் போய்ப் பார்த்துவந்து, பிறர் தொலைத்த பொருள்கள் இருக்குமிடத்தைச் சாத்திரமாகச் சொல்லிப் பணம் சம்பாதிக்கிறார்கள். காணாமற்போன நகைக்குச் சாத்திரம் கேட்கும் சமூகத்தில் மட்டுமே தோன்றக்கூடிய கற்பனை இது.

கேள்வி (நாடகம் பயிலும் மாணவர்கள், நெல்லியடி): நாங்கள் நால்வர், கைத்தொலைபேசி ஒன்றே எங்கள் கமெரா. இத்தகைய குறும்படம் எடுக்க விரும்புகிறோம். எதில் தொடங்குவது?

பதில்: ஒரே ஒரு விதியில் தொடங்குங்கள். ஜப்பானின் கியோட்டோ நகர நாடகக் குழுவொன்று 2020 இல் கைத்தொலைபேசியில் எடுத்த, ஏறத்தாழ 70 நிமிடப் படத்தில், தேநீர்க்கடைக்காரர் ஒருவரின் கணினித் திரை சரியாக இரண்டு நிமிடம் கழித்து நடக்கப்போவதைக் காட்டுகிறது. இவ்வளவுதான் விதி. மற்ற அனைத்தும், இரண்டு திரைகளை எதிரெதிரே வைத்து இன்னும் தொலைவிலுள்ள எதிர்காலத்தைப் பார்க்கும் பேராசை உட்பட, அதிலிருந்தே முளைக்கின்றன. இடமோ ஒரு கடையும் மாடிப்படியும் சில அறைகளும்.

நாடக மாணவர்களுக்கு இதில் தனி வசதி உண்டு. கூத்துக் களரியில் அரசன் ஒருமுறை சுற்றிவந்தால் நாடு மாறிவிடுகிறது. பிற்பாட்டுக்காரர் பாட, சபை காட்டைக் காண்கிறது. அதே துணிவை உங்கள் விண்கலத்துக்கும் கொடுங்கள். அட்டையை அட்டை என்று பார்வையாளருக்குக் கண்சிமிட்டிக் காட்டாதீர்கள். நடிப்பவர் அதை முழுமனத்துடன் நம்ப வேண்டும். நியூசிலாந்தில் பீற்றர் ஜக்சன் நண்பர்களுடன் வார இறுதிகளில் மட்டும் உழைத்து, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் முடித்த முதற்படத்துக்கு (1987) வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகளைத் தம் தாயாரின் சமையலறைப் போறணையில் வேகவைத்துச் செய்தார். அந்த அளவு அக்கறை முகமூடியில் தெரிந்தால், அதன் மலிவு குறையாகத் தோன்றாது.

ஒலியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். படம் மங்கலாயிருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்காவிட்டால் நகைச்சுவை அவ்விடத்திலேயே இறந்துவிடும். கைத்தொலைபேசியை நம்பாமல், சட்டையில் பொருத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்றை இரவல் வாங்குங்கள். அயலில் கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் படப்பிடிப்பை வைக்காதீர்கள்.