கவ்வாத்துக் கத்தி மொட்டையாக இருந்தால் ஆபத்து குறையுமா?

கேள்வி: இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். 20 வயது மகன் போன மாதம்தான் கவ்வாத்து (தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்தல்) வெட்டப் போகத் தொடங்கினான். அதற்குள் இடது கையில் ஒரு வெட்டு, முழங்காலுக்குக் கீழே இன்னொரு வெட்டு. பயத்தில், "கத்தியை ரொம்பத் தீட்டாதே, கொஞ்சம் மொட்டையாகவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரியா?

பதில்: அம்மா, அந்தப் பேச்சை இன்றைக்கே மாற்றிச் சொல்லுங்கள். மொட்டைக் கத்திதான் அதிகம் காயப்படுத்தும். நாலைந்து வருடம் முற்றிய தேயிலை வாது (கிளை) இரும்பு மாதிரி இருக்கும். கூர் இல்லாத கத்தி அதில் இறங்காமல் பட்டையில் வழுக்கி ஓடும். ஒரே வீச்சில் அறுபடாததால் இரண்டாவது வீச்சுக்கு முழுப் பலத்தையும் போடுவார்கள். வாது திடீரென்று அறுபட்டதும் அந்தப் பலம் முழுவதும் கத்தியோடு கையையோ காலையோ தேடி வரும். செடிக்கும் கெடுதிதான். வெட்டுவாய் பிளந்து, தண்ணீர் இறங்கி, தண்டு அழுகும்.

கூரைப் பெருவிரலால் தடவிப் பார்க்க வேண்டாம். பென்சில் பருமனான பச்சை வாது ஒன்றை வெட்டிப் பார்த்தால் போதும். ஒரே வீச்சில் அறுபட்டு, பட்டை தொங்காமல் வெட்டிய இடம் வழவழப்பாக இருந்தால் கத்தி சரி. இல்லையென்றால் அங்கேயே நிறுத்தித் தீட்ட வேண்டும். கத்தியின் வளைந்த வாய்க்குள் (வெட்டும் விளிம்புக்குள்) பெரிய தட்டைக் கல் போகாது, கைக்கு அடங்கும் சிறு கல் வேண்டும். உட்கார்ந்துகொண்டு, கத்தியின் தகட்டை ஒரு மரக்கட்டையில் படுக்கவைத்து, வாய் மட்டும் சற்று வெளியே நீட்டியிருக்க, இடது கையால் பிடியை அழுத்திப் பிடிக்கலாம். நனைத்த கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 20 பாகை சாய்வு இருக்கட்டும். பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை, உடம்பைவிட்டு விலகும் திசையில் தேய்க்க வேண்டும். கல்லைப் பிடித்த விரல் கல்லின் விளிம்பைத் தாண்டக் கூடாது. மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பியதும் கத்தியைத் திருப்பி அந்தப் பக்கமும் தீட்டலாம். பிடி ஆடுகிறதா என்று பார்க்கவும் அதுவே நேரம். ஆடும் பிடியுள்ள கத்தியை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது.

இனி அந்த இரண்டு காயங்களுக்கு வருவோம். கவ்வாத்து வெட்டும் உயரம் பெரும்பாலும் நிலத்திலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டு அடி. முழங்காலும் ஏறத்தாழ அதே உயரம்தான். வலக்கைக்காரர் தன் பக்கமாக இழுத்து வெட்டும்போது, முன்னால் வைத்த இடது கால் கத்தியின் வழியில் நிற்கிறது. அந்தக் காலைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். வெட்டும் வாதுக்கும் காலுக்கும் நடுவே செடியின் தூர் இருக்கும்படி நிற்பது இன்னும் நல்லது. புதிதாகப் பழகுபவர் ஒவ்வொரு வீச்சுக்கும் முன் கத்தியை மெதுவாக, வெட்டாமல், ஒருமுறை கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். இந்த வாது இல்லையென்றால் கத்தி எங்கே போய் நிற்கும்? அந்த இடத்தில் தன் கையோ காலோ இருந்தால் நிற்கும் நிலையை மாற்ற வேண்டும். சில நாளில் இது யோசிக்காமலே வந்துவிடும்.

இடது கையில் வெட்டு விழுவது பெரும்பாலும் வாதை வளைத்துப் பிடிக்கும்போதுதான். கீழிருந்து மேலே வெட்டினால், வெட்டுக்கு நேர் மேலே பிடித்திருக்கும் கைக்குத்தான் கத்தி வரும். பிடித்தே ஆகவேண்டுமென்றால் கத்தி போகும் திசைக்குப் புறத்தே, வெட்டிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளிப் பிடிக்கட்டும். வளைத்த வாது அறுபட்டதும் விசிறியடிக்கும், முகத்தை நேரே வைக்கக் கூடாது. பெருவிரலைவிடப் பருத்த வாதுக்குக் கத்தியே வேண்டாம், வாள் (ரம்பம்) போதும். இடது கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை, காலுக்கு பூட்ஸோடு கெட்டியான முன்கால் கவசம் இரண்டையும் தோட்டத்தில் கேளுங்கள். இடுப்பில் கட்டும் படங்கு மழைக்கும் குத்தும் குச்சிக்கும் உதவும், கத்தியை நிறுத்தாது.

நிரைக்கும் நிரைக்கும் இடையே வழக்கமாக 4 அடிதான். நீட்டிய கையும் கத்தியும் சேர்ந்தால் அந்த 4 அடியைத் தொட்டுவிடும். ஆகவே பக்கத்து நிரைக்காரரும் மகனும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. செடிக்குச் செடி 2 அடி என்பதால், ஐந்து செடி முன்பின்னாக நின்றால் 10 அடி கிடைக்கும். செங்குத்தான மலையில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்பதும் ஆகாது. வெட்டிப்போட்ட குச்சிமேல் ஏறி நின்று வெட்டினால் வழுக்கும், முதலில் காலால் ஒதுக்கட்டும். வழுக்கினால் கத்தியைப் பக்கவாட்டில் விட்டுவிட வேண்டும். விழும் கத்தியைப் பிடிக்கப் போகவே கூடாது.

நடக்கும்போது, நீளவாக்கில் கீறிய தடித்த ஹோஸ் பைப் துண்டைக் கத்தியின் வாயில் மாட்டி, சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டிக்கொள்ளலாம். தோளிலும் இடுப்பிலும் வெறும் கத்தி வேண்டாம். கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைக்க, மற்றவர் எடுக்கட்டும். குளிரில் விரல் மரத்துப்போன காலையிலும், கொந்தரப்பை (பேசிக்கொண்ட அளவு வேலையை) முடிக்கும் அவசரத்திலும் பிடி தளரும். அப்போது வேலையை நிறுத்தித் தீட்டுவது கைக்கும் ஓய்வு.

வெட்டுப்பட்டால் காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். இடையில் திறந்து பார்க்கக் கூடாது. இரத்தம் நிற்காவிட்டால், விரலை மடக்க முடியாவிட்டால், நுனி மரத்திருந்தால் தோட்ட மருந்தகத்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மண்பட்ட காயத்துக்கு, கடைசி ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள்.

மகனின் இரண்டு காயங்களும் தோட்டத்துப் பதிவில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பொருந்தும். இனி எந்தக் காயம் பட்டாலும் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி எழுத்தில் பதியவைத்து, மருந்தகத் துண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.