மாதவிலக்கு நின்றால் மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: மனச்சிதைவு நோய்க்காக ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடும் என் தங்கைக்குச் சில மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் 92 என்று வந்துள்ளது. நோய் முற்றிவிட்டதா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி ஒருவர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: நோய் முற்றியதற்கான அடையாளமல்ல இது; பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவே. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை அளவுக்கு மீறிச் சுரக்காதபடி டோபமின் என்னும் மூளை வேதிப்பொருள் தடுத்துவைக்கிறது. காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்ற அறிகுறிகளைத் தணிப்பதற்காக அதே டோபமினின் செயலை ரிஸ்பெரிடோன் மறிக்கும்போது, பிட்யூட்டரியின் மீதிருந்த கட்டுப்பாடும் தளர்ந்து, கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 25 நானோகிராமுக்குள் இருக்கவேண்டிய புரோலாக்டின் பல மடங்கு ஏறிவிடுகிறது. அதனால் மாதவிலக்கு நிற்கும்; சிலருக்கு மார்பில் பால் கசியும்; புரோலாக்டின் ஏற்றத்தால் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் நெடுங்காலம் குறைந்தே இருந்தால் எலும்பும் வலுவிழக்கும்.

ஆயினும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடங்கியிருந்த நோய் திரும்பக்கூடும். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், அல்லது புரோலாக்டினை ஏற்றாத அரிபிப்ரசோலுக்கு மாற்றலாம். அதற்கு முன் கர்ப்பமும் தைராய்டு குறைபாடும் இல்லையென உறுதிசெய்வார். திருமணமாகாத பெண்ணிடம் கர்ப்பம் பற்றிக் கேட்டால் நம் பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். அது வழக்கமான மருத்துவக் கேள்விதான்.

மாதவிலக்கை ஒட்டியும் பிரசவத்துக்குப் பின்னும் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சில பெண்களுக்கு மனச்சிதைவின் அறிகுறிகள் கூடுவதுண்டு. எனவே அறிகுறி மிகும் நாட்களைக் குறித்துவைத்து, பரிசோதனை அறிக்கையுடன் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள்.