பேம்ஸ்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பேம்ஸ்டர் என்பது எந்த ஊர்?

பதில்: அது ஒரு தனி ஊர் அன்று. நெதர்லாந்தின் வடக்கு ஹாலண்ட் மாகாணத்தில் ஓர் ஏரியை வற்றவைத்துப் பெற்ற நிலப்பரப்பு அது. 2021ஆம் ஆண்டின் இறுதிவரை அதே பெயரில் ஓர் உள்ளாட்சியும் இருந்தது. மிடன்பேம்ஸ்டர், நோர்ட்பேம்ஸ்டர், வெஸ்ட்பேம்ஸ்டர், சவுடோஸ்ட்பேம்ஸ்டர் என்பன அதன் ஊர்கள். ஏரி நிலம், உள்ளாட்சி, ஊர் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஏரியை வற்றவைத்தவர் காற்றாலைப் பொறியாளர் லேக்வாட்டர் ஒருவர்தானே?

பதில்: ஒருவர் அல்லர். 1607இல் வேலையைத் தொடங்கியவர்கள் ஆம்ஸ்டர்டாமின் செல்வந்தர்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான டிர்க் வான் ஓஸ் அவர்களில் முதன்மையானவர். லேக்வாட்டர் காற்றாலைகளுக்குப் பொறுப்பேற்றார். ஏரியைச் சுற்றிக் கரை எழுப்பி, அதற்கு வெளியே கால்வாய் வெட்டினார்கள். ஒரே காற்றாலையால் முழு உயரத்துக்கும் நீரை ஏற்ற முடியாது என்பதால், ஒன்று இறைத்த நீரை அடுத்தது இன்னும் மேலே ஏற்றுமாறு அவற்றை வரிசையாக நிறுவி, கடைசியில் அந்தக் கால்வாயில் விட்டார்கள். 1610இல் புயலால் கடற்கரை அணை உடைந்து, இறைத்த இடமெல்லாம் மீண்டும் நீர் நிரம்பியது. அதன் பிறகும் பணம் போட்டவர்கள் பின்வாங்காததால்தான் 1612இல் நிலம் வெளிப்பட்டது. கட்டங்கட்டமாக வகுத்த வயல்களுக்கு நில அளவையாளர்களின் உழைப்பே காரணம்.

கேள்வி: பாடநூல்கள் எல்லாம் லேக்வாட்டரையே சொல்கின்றனவே?

பதில்: அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை. ஹார்லெமர்மேர் ஏரியையும் காற்றாலைகளால் வற்றவைக்கலாம் என்று 1641இல் அவர் நூல் எழுதினார். பேம்ஸ்டரின் பெருமை முழுவதும் அவரைச் சேர்ந்ததற்கு அந்த நூல் தந்த புகழும் காரணம் என்பது என் கருத்து. அந்த ஏரியை இருநூறு ஆண்டுகள் கழித்து நீராவி இயந்திரங்களே வற்றவைத்தன. மேலும், அவர் பிறந்த டெ ரைப் சுற்றுக் கரைக்கு வெளியே உள்ள ஊர். அதைப் பேம்ஸ்டரில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: பேம்ஸ்டர் சீஸ் எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: அது என் துறை அன்று. ஆலை வெஸ்ட்பேம்ஸ்டரில் இருக்கிறது.

கேள்வி: உள்ளாட்சி கலைந்தபின் நீரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பதில்: முன்பு பார்த்தவர்களே. நிலம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் கீழே கிடப்பதால் இடைவிடாமல் நீரை இறைத்தாக வேண்டும். அது தனியான நீர் வாரியத்தின் பணி. 2022 ஜனவரி 1 அன்று பக்கத்து உள்ளாட்சியான புர்மெரெண்டுடன் இணைந்தது பேம்ஸ்டர் உள்ளாட்சி மட்டுமே.

கேள்வி: அப்படியானால் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம் என்ற தகுதியும் போய்விட்டதா?

பதில்: இல்லை. 1999இல் அந்தத் தகுதியைப் பெற்றது நிலப்பரப்பு, உள்ளாட்சி அன்று. முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.