காசு எந்தத் துருசால் (குளத்து மதகால்) போகிறது?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "கிளிநொச்சிக்குக் காசு வராமல் இல்லை, வந்த காசு ஊரில் நிற்பதில்லை." அதற்குத்தான் இந்த முறை கடிதமும் வட்ஸ்அப்பும் குவிந்திருக்கின்றன. சிலர் நன்றாக ஏசியும் இருக்கிறார்கள், பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லை, சிலதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஆடைத் தொழிற்சாலை வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. இப்போது பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயம் வரப்போகிறது என்கிறார்கள். அது வந்தால் ஊர் நிமிர்ந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? – ஓர் ஆசிரியை, உருத்திரபுரம்

பதில்: வரட்டும் ரீச்சர், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ஆடைத் தொழிற்சாலைக்குத் துணி வெளியிலிருந்து வருகிறது, நூலும் பொத்தானும் மெசினும் அப்படித்தான். தைத்த உடுப்பு வெளிநாட்டுக்குப் போகிறது, இலாபமும் ஊரில் தங்குவதில்லை. எங்களுக்கு மிஞ்சுவது சம்பளம். அதை நான் லேசாக எடுக்கவில்லை. யுத்தம் முடிந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த எத்தனையோ வீடுகளுக்கு மாதச் சம்பளம் என்று முதலில் வந்தது அதுதான். ஆனால் ஊரிலிருந்து ஆளை மட்டும் எடுக்கிற தொழிற்சாலை, ஆள் இன்னும் மலிவாகக் கிடைக்கிற இடத்தைக் கண்டால் மெசினைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம், அதைத் தடுக்க இங்கே ஒன்றும் இல்லை.

பரந்தன் என்றதும் உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனத் தொழிற்சாலையின் இடிந்த கட்டடம்தான் ஞாபகம் வரும். அது 1950களில் அங்கே வந்ததற்குக் காரணம் பக்கத்தில் இருந்த ஆனையிறவு உப்பளம். உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் கோஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். ஒன்று சவர்க்காரம் செய்ய, மற்றது தண்ணீர் சுத்திகரிக்க. சில கட்டை தூரத்தில் விளைந்த உப்பு பரந்தனில் விலை கூடிய சாமானாக மாறித் தெற்குக்குப் போனது, உப்பு வாரினவனுக்கும் அதில் பங்கு இருந்தது. 1985 இல் யுத்தத்தோடு நின்றது. பிறகு உப்பளமும் 1990 இல் நின்றுபோய், திரும்ப உப்பு விளைய எத்தனையோ வருடம் எடுத்தது. ஆகவே புது வலயத்தைப் பற்றி யாராவது மேடையில் பேசினால் எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் கேட்காமல், எங்கள் மண்ணிலும் கடலிலும் கிடைக்கிற எதை வாங்கப்போகிறீர்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நெல்லு வெட்டின அன்றைக்கே லொறிக்காரர் காசோடு வயலுக்கு வருகிறார். பொலனறுவைக்குப் போய் அரிசியாகித் திரும்பி வந்ததை நாங்களே கடையில் வாங்குகிறோம். இங்கேயே ஒரு பெரிய மில் போட்டால் என்ன? – விவசாயி, முரசுமோட்டை

பதில்: அண்ணை, இந்த மில் கதையில் நான் ஒருமுறை சூடுபட்டவன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிய காலத்தில் எங்களுக்கு உதவித் திட்டத்தில் ஒரு மில் கிடைத்தது. நாடா வெட்டினார்கள், பால் காய்ச்சினார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் போகம் நெல் வாங்கச் சங்கத்தில் காசு இல்லை. அடுத்த போகமும் இல்லை. மூன்றாவது வருடம் அந்த மெசினுக்குள் எலி குடும்பம் நடத்தியது.

மில் இல்லாதது ஒரு சின்னக் குறைதான். நீங்கள் ஏன் அன்றைக்கே விற்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விதை, உரம், களைநாசினி, உழவு எல்லாம் கடன், அறுவடை முடிந்தவுடன் கடைக்காரர் படலைக்கு வந்துவிடுவார். வெட்டுமெசினிலிருந்து விழுகிற நெல் ஈரம், வைத்திருக்க வேண்டுமென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு வரவேண்டும், காயவிடத் தளம் இல்லாமல்தானே ஆக்கள் முல்லைத்தீவு ரோட்டின் அரைவாசியை நெல்லால் மூடி வைக்கிறார்கள். அள்ளி வைக்கக் களஞ்சியமும் இல்லை. அரசாங்கம் கொள்வனவு தொடங்குகிற நேரத்தில் பாதி நெல் மதவாச்சி தாண்டியிருக்கும். இவை எல்லாம் சேர்ந்துதான் லொறிக்காரரின் விலையைத் தீர்மானிக்கின்றன, அவர் கெட்டவர் என்பதால் இல்லை.

இன்னொன்று, 100 கிலோ நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி, 20 கிலோ உமி, பத்துக் கிலோவுக்குக் கிட்டத் தவிடு. நாங்கள் அரிசியை மட்டும் அனுப்பவில்லை, மாட்டுத்தீனையும் அடுப்பெரிக்கிற உமியையும் ஒரே மூடையில் கட்டி அனுப்பிவிட்டு, தவிட்டை மாட்டுத்தீனாகத் திரும்ப விலைக்கு வாங்குகிறோம். இதை நினைத்தால் எனக்கு இரவில் நித்திரை வராது.

முதல் தேவை காயவிடும் தளமும் களஞ்சியமும், அடுத்தது மூன்று மாதம் தாக்குப்பிடிக்கக் காசு. நெல்லைக் களஞ்சியத்தில் வைத்து அதன் பற்றுச்சீட்டை அடகாகக் காட்டி வங்கியில் கடன் எடுக்கிற முறை இந்த நாட்டில் இருக்கிறது, எங்கள் கமக்காரர் அமைப்புகள் அதைப் பிடிக்கவேண்டும். அப்புறம் மில். அதுவும் சிறிய மில். பொலனறுவைக்காரரோடு கீரிச்சம்பாவில் மல்லுக்கட்டப் போகாதீர்கள், அவர்கள் போடுகிற முதலுக்கு முன்னால் நாங்கள் தூசு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் புழுங்கலும் அரிசிமாவும் என்று போனால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் தேடி வாங்க ஆள் இருக்கிறது.

கேள்வி: பிரதேச சபை ஏ9 ரோட்டில் புதுக் கடைத்தொகுதி கட்டினால் வேலைவாய்ப்பு கூடும். நீங்கள் ஏன் அதை நக்கலடிக்கிறீர்கள்? – வியாபாரி, கிளிநொச்சி நகர்

பதில்: தம்பி, நக்கல் இல்லை, பொறாமையும் இல்லை. கடை கட்டினால் வாங்குகிறவன் கையில் காசு கூடுமா? பத்து போன் கடை இருந்த இடத்தில் இருபது வந்தால் அதே காசு இருபதாகப் பிரியும், அவ்வளவுதான். சபைக்குக் கடைத்தொகுதி பிடிப்பதற்குக் காரணம் முற்பணமும் வாடகையும் கண்ணுக்குத் தெரிகிற வருமானம், கல்வெட்டில் பெயரும் வரும். வவுனியாவைப் பாருங்கள். மரக்கறி மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் கட்டுவதா தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று 2016 இல் மாகாணமே இரண்டுபட்டது. கடைசியில் வேறு இடத்தில் கட்டினார்கள், கட்டி முடித்த பிறகும் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. சண்டை முழுக்க இடத்தைப் பற்றியே நடந்தது. தம்புள்ளைக்குப் போகிற லொறி ஏன் இங்கே நிற்கவேண்டும், மிஞ்சின கத்தரிக்காயை என்ன செய்வது, தோட்டக்காரனுக்கு எப்போது காசு கொடுப்பது என்று பேச ஆளில்லை.

கேள்வி: "ஊரிலேயே வாங்குங்கள்" என்று நீங்கள் சொல்வது கேட்க நல்லாயிருக்கிறது. எங்கேயாவது செய்து காட்டியிருக்கிறார்களா? – மாணவன், அறிவியல்நகர்

பதில்: இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்று ஒரு நகரம், ஏறத்தாழ 1 இலட்சத்து 40 ஆயிரம் பேர். எங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி 1 இலட்சத்து 13 ஆயிரத்துக்குச் சற்று மேல், ஆகவே ஆளளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. அந்த நகரமும் பெரிய கடைத்தொகுதி ஒன்றை நம்பி வருடக்கணக்காக இருந்தது, 2011 இல் அது கைவிட்டுப்போனது. பிறகுதான் நகரசபையில் இருந்தவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். சபை, பொலிஸ், கல்லூரிகள், வீடமைப்பு அமைப்பு என்று ஆறு நிறுவனங்கள் வருடம் முழுக்க எதை, யாரிடம் வாங்குகின்றன என்று கணக்கெடுத்தார்கள். 2012–13 இல் நகரத்துக்குள் செலவானது நூற்றுக்கு ஐந்துதான். 2016–17 இல் அது பதினெட்டுக்கு வந்தது.

மந்திரம் ஒன்றும் இல்லை. பாடசாலைச் சாப்பாட்டுக்கு ஒரே பெரிய ரெண்டராக விட்டால் பெரிய கொம்பனிதான் போடமுடியும். பிரெஸ்டன் இருக்கிற மாவட்டத்தின் சபை அதை முட்டைக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, யோகட்டுக்கு ஒன்று என்று துண்டு துண்டாகப் பிரித்துவிட்டது, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர் போட்டுப் பிடித்தார்கள்.

இப்போது நீங்கள் இருக்கிற இடத்தையே பாருங்கள். பொறியியல் பீடம், விவசாய பீடம், விடுதிகள், கன்ரீன். ஆஸ்பத்திரி ஒன்று, கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஒன்று, பாடசாலைகள் எத்தனையோ. இவை ஒரு நாளைக்கு வாங்குகிற அரிசி, முட்டை, பால், மரக்கறி, தளபாடம், உடுப்பு எங்கிருந்து வருகின்றன? பாடசாலைச் சத்துணவை ஊர்ப் பெண்கள்தான் சமைக்கிறார்கள், அது நல்ல தொடக்கம், ஆனால் அவர்கள் கடையில் வாங்குகிற முட்டை எந்த ஊர் முட்டை என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் சபைகளுக்கு இங்கிலாந்துச் சபையின் அதிகாரம் கிடையாது, கொள்வனவு விதிகளும் கொழும்பில் எழுதினவை, அது உண்மை. ஆனாலும் ஒரு வரம்புக்கு உட்பட்ட சிறு வேலைகளை ரெண்டர் கோராமலே கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குக் கொடுக்க விதி இடம் தருகிறது. விதி தந்த இடத்தையே நாங்கள் முழுக்கப் பாவிப்பதில்லை.

கேள்வி: எங்களுக்குக் காணி இல்லை, கூலி வேலைதான். கிழமைக்கு இரண்டு கொம்பனிக்குக் கடன் கட்டுகிறேன். இந்தப் பொருளாதாரக் கதையில் எங்களுக்கு என்ன இருக்கிறது? – ஒரு தாய், தருமபுரம்

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதக் கட்டுக்குள் வந்ததில் மிகச் சரியான கேள்வி உங்களுடையது. முதலில் கேட்டிருக்கவேண்டியவன் நான். காணி உள்ளவனுக்கு நெல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன்.

நெல் வேலை வருடத்தில் சில மாதம்தான், அதிலும் வெட்டுமெசின் வந்து அருவி வெட்டுக் கூலியைத் தின்றுவிட்டது. மிச்ச மாதத்துக்கு அரிசி வாங்கக் கடன், அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018 இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைச் சில நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்தது, வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. வரம்பே 35 என்றால் அதற்கு முந்தின நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போகிற வட்டி ஊரில் ஒரு தேத்தண்ணிக்குக்கூடச் செலவாகாது.

என்னால் சொல்லக்கூடியது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்தான். பழைய வழி, மெதுவான வழி, கணக்குச் சரியாக எழுதாவிட்டால் அதுவும் கவிழும். ஆனால் அங்கே கட்டுகிற வட்டி உங்களுக்குள்ளேயே சுற்றும். இரண்டு கடனையும் மூன்றாவது கடனால் அடைக்கப் போகவேண்டாம். நாட்டுக்கோழி முட்டையை அந்தச் சத்துணவுச் சமையலுக்கே கொடுக்கமுடியுமா என்று உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கேளுங்கள், கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும். மெசின் வாங்கி அனுப்பட்டுமா? – ரொறொன்ரோ வாசகர்

பதில்: வேண்டாம். மேலே உள்ள எலிக் கதையைப் படியுங்கள். நெல் வாங்கச் சுழல்நிதியாகக் கொடுங்கள், அல்லது வாங்குகிற ஆளாக இருங்கள்: வருடத்துக்கு இத்தனை மூடை மா, இத்தனை போத்தல் தேன் என்று முன்கூட்டிச் சொல்லிவைக்கிற ஒரு ஓடர், நன்கொடையைவிடப் பெறுமதி. மண்டபம் கட்டாதீர்கள், தயவுசெய்து. இருக்கிற மண்டபங்களில் வைக்கவே எங்களிடம் இவ்வளவு கலியாணம் இல்லை.

கேள்வி: ஏ9 ரோட்டால் நாளுக்கு எத்தனை பஸ் போகிறது! அந்தக் காசைப் பிடிக்கமுடியாதா? – பஸ் நடத்துநர், மாங்குளம்

பதில்: பிடித்துக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார், ரோட்டோரக் கோயிலில் இருக்கிற முறிகண்டிப் பிள்ளையார். எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போகாது, கற்பூரம் கொளுத்தி, கச்சான் (நிலக்கடலை) சுருள் வாங்கி, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் ஏறும். திட்ட அறிக்கையும் இல்லை, ஆலோசகரும் இல்லை. கச்சான் வன்னி மண்ணில் விளைகிறது, பக்கத்திலேயே வறுக்கிறார்கள், விற்கிறவர்களில் பலர் பெண்கள். ஒரு சுருளில் விதைத்தவள், வறுத்தவள், விற்றவள் மூவருக்கும் பங்கு. 2014 இல் யாழ்ப்பாணம் வரை யாழ்தேவி திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு கொஞ்சப் பேர் ரயிலுக்குப் போய்விட்டார்கள்தான், ஆனாலும் கற்பூரம் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: எல்லாம் சரி, யார் தொடங்குவது? கிளிநொச்சிக்கு ஒரு நகரசபைகூட இல்லையே? – ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், வட்டக்கச்சி

பதில்: இல்லைதான். நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. 2018 இல் தெரிவான சபை 2023 இல் கலைந்தது, 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதி இல்லாமலே ஓடியது. ஆனால் ஐயா, உங்களுக்குத் தெரியாததா, சிறுபோகம் வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? இரணைமடுக் குளத்தில், நிறைந்தால் 36 அடி, இப்போது எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் கூடி, இந்தத் தண்ணீருக்கு இத்தனை ஏக்கர்தான் என்று பங்கு போட்டு, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று எழுதி, சண்டையும் பிடித்து, கடைசியில் விதைக்கிறோம். துருசு ஒழுகினால் பாதி இரவிலும் ஓடுகிறோம். காசுக்கு மட்டும் அப்படி ஒரு கூட்டம் இதுவரை யாரும் கூட்டினதில்லை.

பெரிதாகத் தொடங்கவேண்டாம். நீங்கள் கச்சேரியில் இருந்தவர், உங்களுக்கு ஆட்களைத் தெரியும். ஒரே ஒரு கன்ரீனைப் பிடியுங்கள், ஆஸ்பத்திரியோ கம்பஸோ, எது கதவைத் திறக்குதோ அது. முப்பது நாள் உள்ளே வருகிற ஒவ்வொரு சாமானும் எந்த ஊரிலிருந்து வருகிறது, என்ன விலை என்று ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுங்கள். கொப்பியை நான் வாங்கித் தருகிறேன். எழுதி முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுவோம்.